இரண்டு ஸ்கோப்பும் நார்மல்

என் வயிறு போடும் சத்தம் எங்கள் வீட்டில் ஒரு கேலிப்பொருளாக இருந்தது. சாப்பிட்டு முக்கால் மணி நேரத்தில் தொப்புளைச் சுற்றி முறுக்கிப் பிடிக்கும். கொஞ்ச நேரத்தில் உள்ளே கடகடவென்று தண்ணீர் உருளும் ஓசை கேட்கும், வலியும் விட்டுவிடும். பக்கத்தில் இருக்கும் மனைவிக்கே அது கேட்கும். வாயு என்று முடிவு கட்டிவிட்டோம். குடல் குறுகிய இடத்தில் உணவும் காற்றும் இடுக்கிக்கொண்டு தாண்டும்போது வரும் சத்தம் அது என்று எட்டு மாதம் கழித்து சர்ஜன் சொன்னார்.

வலிக்குப் பயந்து சாப்பாட்டைக் குறைத்தேன். எடை இறங்கியது. பார்த்தவர்கள் எல்லாம் "இளைச்சு நல்லா இருக்கீங்க" என்றார்கள், எனக்கும் பெருமைதான். மாடி ஏறினால் மூச்சு வாங்கியபோதுதான் ரத்தப் பரிசோதனை செய்தேன். ஹீமோகுளோபின் 8.2, உடலில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெர்ரிடினும் அடிமட்டம். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். ஐம்பது வயது ஆணுக்கு இரும்புச்சத்து இவ்வளவு குறைந்தால் ரத்தம் எங்கே போகிறது என்று முதலில் தேட வேண்டும். அதை அன்று யாரும் கேட்கவில்லை, கேட்க எனக்கும் தெரியவில்லை.

மாத்திரை போட்டதும் மலம் கறுத்தது. மாத்திரையால் அப்படித்தான் ஆகும் என்றார்கள், அது சரிதான். ஆனால் ரத்தம் கசிந்தாலும் கறுக்கும். அது தார் மாதிரி பிசுபிசுவென்று ஒட்டும், நாற்றமும் வேறு. மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் ஏறாததால் கேமரா வைத்த குழாயை வாய் வழியே விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபி, ஆசனவாய் வழியே விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபி இரண்டும் எழுதினார்கள். கொலோனோஸ்கோபிக்காக ஒரு வாரம் மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். அந்த வாரமும் கறுப்பாகவேதான் போனது. கவனித்தேன். டாக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு விட்டுவிட்டேன். இன்னும் என்னை உறுத்துவது அதுதான்.

இரண்டும் நார்மல். நிம்மதியாக வீட்டுக்கு வந்தோம். மேலிருந்து போகும் குழாய் சிறுகுடலின் தொடக்கம் வரைதான் போகும், கீழிருந்து வருவது அதன் கடைசிப் பகுதியை எட்டிப் பார்க்கும். நடுவில் மீட்டர் கணக்கில் நீளமுள்ள குடலை யாருமே பார்க்கவில்லை என்பது எங்களுக்கு உறைக்கவில்லை.

ஒரு இரவு வாந்தி நிற்கவில்லை, வேறு டாக்டரிடம் போனோம். அவர் வலியைவிட அந்தச் சத்தத்தைப் பற்றித்தான் அதிகம் விசாரித்தார். கேமரா வைத்த மாத்திரையை விழுங்கிப் பார்க்கலாமே என்று நானே கேட்டேன். குடல் குறுகியிருந்தால் அது அங்கேயே சிக்கிக்கொள்ளும், முதலில் ஸ்கேன் என்றார். ஒரு மணி நேரத்துக்குள் ஒன்றரை லிட்டர் திரவத்தைக் குடிக்க வைத்து சிறுகுடலை விரித்து எடுக்கும் சிடி அது. கடைசி டம்ளர் இறங்கவே இல்லை. படத்தில் சிறுகுடலின் நடுப்பகுதியில் மோதிரம் போட்டது போல ஒரு தடிப்பு. பலூன் பொருத்திய நீளமான எண்டோஸ்கோப்பை உள்ளே விட்டு அங்கிருந்து சதை எடுத்தார்கள். அடினோகார்சினோமா என்ற வகைப் புற்றுநோய்.

ஆபரேஷனில் அந்தத் துண்டையும் சுற்றியிருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்துவிட்டுக் குடலை இணைத்தார்கள். இரண்டு கணுக்களில் பரவியிருந்ததால் ஆறு மாதம் கீமோ. குளிர்ந்த தண்ணீரில் கை பட்டால் ஷாக் அடிக்கும், மற்றபடி ஓடிவிட்டது.

கீமோ தொடங்கும் முன் புற்றுநோய் டாக்டர் குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டார். அக்காவுக்கு நாற்பத்தைந்து வயதில் கர்ப்பப்பையில் வந்தது, ஆனால் இது குடலாயிற்றே என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். மரபணுப் பரிசோதனையில் லிஞ்ச் சிண்ட்ரோம் என்று வந்தது. கர்ப்பப்பை, பெருங்குடல், சிறுகுடல் எல்லாவற்றுக்கும் ஆபத்தைக் கூட்டும் ஒரே கோளாறு.

தம்பிக்கும் பரிசோதனை செய்தோம், அவனுக்கும் இருக்கிறது. அடுத்த வாரம் அவனுக்குக் கொலோனோஸ்கோபி. "எனக்கு ஒண்ணுமே இல்லையேண்ணா" என்று தினமும் போனில் புலம்புகிறான். வயிற்றில் சத்தம் கேட்கிறதா என்று நானும் தினமும் கேட்கிறேன்.