பெரிய கடை மூடினால்

அமெரிக்காவில் புறநகர் மால்கள் காலியாகிக் கிடப்பதைப் படிக்கப் படிக்க நம் ஊட்டி மார்க்கெட் மீது மதிப்பு கூடுகிறது. இவற்றுக்கு முன்னோடியாக 1956இல் மினசோட்டாவில் திறந்த சவுத்டேல் மாலை வடிவமைத்த விக்டர் குருயென் வியன்னாக்காரர். சுற்றிலும் வீடு, பள்ளி என்று ஒரு ஊரே எழ வேண்டும் என்பது அவர் கனவு. பரந்து கிடந்ததோ கார் நிறுத்துமிடம்!

அந்த மால்களைத் தாங்கியது சியர்ஸ் மாதிரி ஒன்றிரண்டு பெரிய கடைகள். அவை மூடினால் வாடகையைக் குறைக்கவோ காலி செய்யவோ சின்னக் கடைகளுக்குப் பல ஒப்பந்தங்களில் உரிமை உண்டு. அப்புறம் வரிசையாக ஷட்டர் இறங்கும். ஆன்லைன் வியாபாரம் மட்டும் காரணமில்லை, தேவைக்கு மேல் கட்டியதும்தான்.

நம் மார்க்கெட்டில் யாரும் ஒரே பெரிய கடையை நம்பி இல்லை. பீன்ஸ் கடை அண்ணன் ஒன்றை ஒடித்து, “நார் இல்ல, பாரும்மா” என்று காட்டிவிட்டுத்தான் எடை போடுவார். பக்கத்திலேயே வர்க்கி, பூ, கம்பளி. எனக்கு அந்த நெரிசல் அவ்வளவு பிடிக்கும்.

மழையில் நனையாமல் வாங்க ஊட்டிக்கும் மால் வேண்டும் என்கிறார்கள். சரி, நனையாமல் வாங்க நினைப்பது நியாயம்தான். அதற்கு மார்க்கெட்டுக்கே நல்ல கூரையும் சுத்தமான கழிப்பறையும் கேட்போமே.