முகம் உறைந்தாலும் குரல் அறுபடக்கூடாது

கொழும்பில் இன்டர்வியூ என்றால் முன்பு இரவு பஸ் ஏறி, விடியப்புறம் இறங்கி, தெரிந்தவர் வீட்டில் குளித்து ஷேர்ட் மாற்ற வேண்டும். இப்போது கல்லடியிலோ கல்முனையிலோ வீட்டு அறையிலிருந்தே சூமில் முடிந்துவிடுகிறது. அலைச்சல் மிச்சம்தான். ஆனால் அறை, வெளிச்சம், அமைதி என்று முன்பு கம்பெனி பார்த்துக்கொண்டதெல்லாம் இப்போது நம் தலையில்.

ஷேர்ட்டுக்கும் பின்னால் தெரியும் சுவருக்கும் கொடுக்கிற கவனத்தில் கால்வாசியைக்கூடப் பலர் ஒலிக்குக் கொடுப்பதில்லை. படம் உறைந்தால் எதிரில் இருப்பவர் பொறுத்துக்கொள்வார். பதில் அறுந்து அறுந்து கேட்டால், நாம் தடுமாறுவதாகவே அவருக்குப் படும்.

முதல் எதிரி ஃபேன். நம்மூர் வெக்கைக்கு அதை நிறுத்தவும் முடியாது. மேசை ஃபேன் நேரே மைக்கில் அடித்தால், இரைச்சலை வடிகட்டும் செயலி சொற்களின் கடைசி எழுத்துகளையும் சேர்த்து விழுங்கிவிடும். அதைத் தரையில் பக்கவாட்டாக வைத்து, காற்று காலில் படும்படி திருப்பிவிடுங்கள். வயர் இயர்போனே நல்லது, ஆனால் அதன் மைக் கொலரில் உரசாமல் பார்க்க வேண்டும். ஒருமுறை கைதட்டிப் பாருங்கள்; ஓசை எதிரொலித்தால் அந்த டைல்ஸ் ஹோல் வேண்டாம், கட்டிலும் துணிகளும் உள்ள அறையே மேல். நவம்பர் முதல் ஜனவரி வரை தகரக் கூரைக்குக் கீழே இருப்பவர்கள் கொங்கிரீட் கூரையுள்ள உறவினர் வீடொன்றை முதல் நாளே பேசி வைப்பது நல்லது. மழை தொடங்கினால் எந்த மைக்கும் உதவாது.

நேரத்தையும் கணக்குப் பார்க்க வேண்டும். லண்டன் கம்பெனியோடு இன்டர்வியூ என்றால், அங்கு காலை 10 மணி, அவர்களின் கோடையில் நமக்குப் பிற்பகல் 2.30, குளிர்காலத்தில் 3.30. காத்தான்குடியிலோ அக்கரைப்பற்றிலோ அஸர் பாங்கு, அதாவது பிற்பகல் தொழுகை அழைப்பு, அதை ஒட்டியே வரும். தொடக்கத்திலேயே ஒரு வரியில் சொல்லி வைத்தால் போதும், யாரும் குறையாக எடுக்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரமென்றால் வேறு நேரம் கேட்கலாம்.

ஒரு மணி நேர சூமுக்கு ஏறக்குறைய 540 எம்பி முதல் 1 ஜிபி வரை டேட்டா போகும். பெக்கேஜில் இருப்பது இரவு டேட்டா என்றால் பகலில் அது கைகொடுக்காது. போனை ஹொட்ஸ்பொட்டாக வைத்தால் இன்னொரு சிக்கல்: வோல்டிஇ (4ஜியிலேயே அழைப்பையும் எடுக்கும் வசதி) இல்லாத போனுக்கு அழைப்பு வந்தால் 4ஜி கீழே விழுந்து இணைப்பு இழுபடும். அழைப்புகளை முன்னரே தடுத்து வையுங்கள். 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடே இருண்டது, ஆகவே கரண்டை நம்ப வேண்டாம். கரண்ட் போனாலும் ரவுட்டர் ஓட, பற்றரியுள்ள சிறிய யுபிஎஸ் வாங்குவோர் அடப்டரில் எழுதியிருக்கும் வோல்டைப் பார்த்து வாங்க வேண்டும். 9 வோல்ட் ரவுட்டரில் 12 வோல்டைச் செருகினால் ரவுட்டர் எரிந்துபோகலாம்.

வெளிச்சம் முகத்துக்கு முன்னால், கெமரா கண் மட்டத்தில். அதற்கு நாலு தடித்த புத்தகம் போதும். திரையில் உங்கள் பெயர் சரியா என்றும் பாருங்கள், தம்பியின் போனில் சேர்ந்தால் தம்பியின் பெயரே தெரியும்.

நம் ஆட்களிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. எதிரில் இருப்பவர் கதைக்கும்போது "ஓம் சேர், ஓம் சேர்" என்போம். நேரில் அது மரியாதை. சூமில் ஒவ்வொரு "ஓம்"மும் அவர் பேச்சைக் குறுக்கே வெட்டும். தலையசைத்தால் போதும். அவர் முடித்ததும் மனதுக்குள் ஒன்று, இரண்டு எண்ணிவிட்டுத் தொடங்குங்கள், குரல் வந்து சேரச் சற்றுப் பிந்தும். இணைப்பு அறுந்தால் பதறாமல் திரும்ப நுழைந்து, "கடைசியாகக் கேட்ட கேள்வி இதுதானே?" என்று விட்ட இடத்திலிருந்து பிடியுங்கள். ஐந்து நிமிடம் மன்னிப்புக் கேட்டால் அதுவும் உங்கள் இன்டர்வியூ நேரத்திலிருந்துதான் போகும்.

முடிந்ததும் லீவ் பட்டனை அழுத்தி, திரையில் சூம் மூடிவிட்டதா என்று பார்த்த பிறகே "அம்மா, முடிஞ்சு!" என்று கூப்பிடுங்கள்.