அந்தச் சிவப்பு லென்ஸைத் தூக்கிப் போடாதீர்கள்

பழைய காரின் டெயில் லைட் லென்ஸ் கீறல் விழுந்து மங்கிப் போனால், பலரும் உடனே புதிதாக ஒன்றைத் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை. அந்தக் காலத்துப் பிளாஸ்டிக் லென்ஸ்களில் பெரும்பாலானவை அக்ரிலிக். மேலே பூசிய சாயம் இல்லை, கனம் முழுக்கவே சிவப்பு. மேல்பரப்பைக் கொஞ்சம் தேய்த்து எடுத்தாலும் அடியில் அதே சிவப்புதான் இருக்கும். பெயின்ட்டோ குரோமோ தேய்ந்தால் போனது போனதுதான். லென்ஸுக்கு மட்டும் இந்தக் கொடுப்பினை.

என்னுடையது 1960களில் வந்த கார். இடது லென்ஸில், தூசியைக் கழுவாமல் வருஷக்கணக்கில் துணியால் துடைத்த தடங்கள் வளைவு வளைவாகக் கிடந்தன. அடி ஓரத்தில் சுவரில் உரசியது போல ஆழமான கீறல் ஒன்று. வெயில் பட்டால் சிவப்பே தெரியாது, வெளுத்துத் தெரியும்.

ஹெட்லைட் மஞ்சளை எடுக்க விற்கும் கிட்டை இதற்குப் பயன்படுத்தலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். அது பாலிகார்பனேட் என்ற வேறு வகைப் பிளாஸ்டிக்குக்காக வந்தது. அமெரிக்காவில் 1983இல் விதி மாறி, 1984 மாடல் லிங்கன் மார்க் செவன் காரில் தொடங்கிப் பரவிய ஹெட்லைட்கள் அந்தப் பிளாஸ்டிக்கில்தான். அதன் மேல் ஒரு காப்புப் பூச்சு இருக்கும், வெயிலில் அது கெட்டுத்தான் மஞ்சளடிக்கிறது. அக்ரிலிக் அவ்வளவு சுலபத்தில் மஞ்சளாகாது. ஆனால் கரைப்பான்களைக் கண்டால் ஆகாது. தின்னர், பெட்ரோல், ஆல்கஹால் கலந்த கண்ணாடி கிளீனர் எதுவும் பட வேண்டாம். உள்ளுக்குள் மயிரிழை வெடிப்புகள் ஓடிவிடும். அவை ஆழமாகப் போவதால் தேய்த்து எடுக்க முடியாது. வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போதும்.

லென்ஸைக் கழற்றிய பிறகுதான் வேலை. கழுவிக் காயவைத்து, கீறலின் குறுக்கே நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டாவிட்டால் 1500 நம்பர் வாட்டர் பேப்பரில், அதாவது நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளில், தொடங்கலாம். நம்பர் ஏற ஏறத் தாள் நைசாகும். தட்டினால் 800. அங்கிருந்து 1000, 1500, 2000, 3000. தாளைத் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு சொட்டு சோப்பும் விட்டு, மெல்லிய ஸ்பாஞ்சில் சுற்றித் தேய்ப்பேன். ஒரு தாளில் நெடுக்காகத் தேய்த்தால் அடுத்த தாளில் குறுக்காக. அப்போதுதான் முந்தைய தாளின் கோடுகள் முழுக்கப் போனதா என்று தெரியும். வழிகிற தண்ணீர் வெளிர் ரோஜா நிறத்தில் இருக்கும். பயப்பட வேண்டாம், அது லென்ஸின் சொந்த நிறம்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஈரமாக இருக்கும்போது கீறல் மறைந்துவிட்டது போலவே இருக்கும். கீறல் தெரிவதே அதன் பள்ளத்தில் ஒளி சிதறுவதால்தான். பள்ளத்தில் தண்ணீர் நிரம்பினால் சிதறல் குறைகிறது. ஒளியை எவ்வளவு வளைக்கும் என்று சொல்லும் ஒளிவிலகல் எண் காற்றுக்கு 1, தண்ணீருக்கு 1.33, அக்ரிலிக்குக்கு 1.49. தண்ணீர் பிளாஸ்டிக்கை நெருங்கி வருகிறது, கண்ணும் நம்பிவிடுகிறது. அதனால் ஒவ்வொரு தாளுக்குப் பின்னும் நன்றாகத் துடைத்து, முழுக்கக் காயவிட்டு, விளக்கை ஓரமாகச் சாய்த்துப் பிடித்துப் பார்ப்பேன். பரப்பு முழுக்க ஒரே சீராகப் பனி படர்ந்தது போல் இருந்தால்தான் அடுத்த தாள். இடையில் ஒரு தனிக் கோடு மினுங்கினால் அதே தாளில் இன்னும் கொஞ்ச நேரம். அலுப்புத் தட்டும் வேலைதான். எனக்கு என்னவோ பிடித்திருக்கிறது.

லென்ஸில் அச்சான எழுத்துகள், எண்கள், ஓரத்து வெள்ளிக்கோடு இவற்றின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். உள்பக்கம் உப்புத்தாளே படக் கூடாது. அங்கே இருக்கும் பட்டைகள்தான் பல்பின் ஒளியைப் பரப்புகின்றன. ரிஃப்ளெக்டர் பகுதியின் குட்டிக் குட்டி முனைகள், பின்னால் வரும் வண்டியின் வெளிச்சத்தை வந்த திசையிலேயே திருப்பி அனுப்புகின்றன. முனை மழுங்கினால் அந்த வேலை நின்றுபோகும். சோப்புத் தண்ணீரும் பழைய டூத் பிரஷ்ஷும் மட்டும்தான்.

கடைசியாகப் பிளாஸ்டிக் பாலிஷ், மெத்தென்ற துணி, கை. மெஷின் போட்டால் வேகம் குறைவாக இருக்கட்டும், ஒரே இடத்தில் நிறுத்தக் கூடாது. அக்ரிலிக் 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே இளக ஆரம்பித்துவிடும். சூடு ஏறினால் பளபளப்புக்குப் பதில் இழுவிய தடம்தான் மிஞ்சும்.

அடி ஓரத்து ஆழக் கீறலை நான் முழுக்க எடுக்கவில்லை. அதை விரட்டிக்கொண்டே போனால் அந்த இடம் மட்டும் குழிந்து, எரியும்போது வெளிச்சம் கோணலாக விழும். லென்ஸின் சுவரும் மெலிந்துவிடும். விளிம்பை மட்டும் மழுக்கி, மேலே பாலிஷ் போட்டேன். நாலடி தள்ளி நின்றால் தெரியாது. எனக்கு அது போதும்.

திரும்ப மாட்டும்போது ரப்பர் கேஸ்கெட் கல்லாக இறுகியிருந்தால் மாற்றிவிடுங்கள். திருகுகளை ஒவ்வொன்றாக முழுக்க முறுக்காமல், எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். கேஸ்கெட் லேசாக அமுங்கினால் போதும், அதற்கு மேல் அரைச் சுற்று போனாலும் திருகுத் துளையிலிருந்து விரிசல் கிளம்பலாம். பல்பு 21/5 வாட் (பிரேக்குக்கு 21, டெயில் லைட்டுக்கு 5) என்று இருந்தால் அதையே போடுங்கள். அதிக வாட் பல்பின் சூட்டில் லென்ஸ் உள்ளிருந்தே வளைந்துவிடும்.