போர்வெல் தண்ணீரும் ஒரு ரூபாயும்

அக்டோபர் 4
மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது. 38,000 லிட்டர் நீச்சல் தொட்டி, நிரம்ப நாளை மதியம் ஆகும் என்கிறான் தம்பி. குழாய் வாயில் அப்பாவின் பழைய வேட்டியைக் கட்டியிருந்தோம். ராத்திரி அவிழ்த்துப் பார்த்தேன், வெள்ளை வெளேரென்று இருந்தது. நல்ல தண்ணீர்தான்.

அக்டோபர் 5
நிரம்பியது. ஒரு ரூபாயைப் போட்டேன். பூவா தலையா என்று மேலிருந்தே தெரிகிறது.

அக்டோபர் 6
குளோரின் ஊற்றிய பத்தாவது நிமிஷம் தொட்டி முழுக்க கடுங்காப்பி. கரைந்திருக்கிற இரும்பு கண்ணுக்கும் தெரியாது, வேட்டியிலும் நிற்காது. குளோரின் பட்டதும் துருவாகித் தலைகாட்டுகிறது. ரூபாயைக் காணோம். அம்மாவிடம் போனில் "நிரப்பியாச்சு" என்று மட்டும் சொன்னேன்.

அக்டோபர் 8
ஃபில்டர், பேக்வாஷ் (ஃபில்டரிலேயே தண்ணீரைத் திருப்பி விட்டு அழுக்கை வெளியே தள்ளுவது), ஃபில்டர், பேக்வாஷ். புளியமரத்தடி செம்மண்ணாகிவிட்டது.

அக்டோபர் 9
தண்ணீரைச் சோதிக்கிற கிட் வந்தது. ஒரு சொட்டு மருந்துக்கு 10 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் பத்துப் பங்கு. காரத்தன்மைக்குப் பச்சை சிவப்பாக வேண்டும்: 32 சொட்டு. 80-லிருந்து 120-க்குள் இருக்க வேண்டியது 320. சரி, அதை ஆசிட் இறக்கும். என் கணக்கில் 10 பிபிஎம்முக்கு 800 மில்லி, மொத்தம் 16 லிட்டர். கடினத்தன்மைதான், அதாவது கரைந்திருக்கிற சுண்ணாம்புதான், பயமுறுத்துகிறது. சிவப்பு நீலமாக வேண்டும். நாற்பது சொட்டு விட்டும் சிவப்பு அசையவில்லை. 62-இல் மாறியது, அதாவது 620. 400-ஐத் தாண்டினாலே தொல்லை. இதை ஆசிட் இறக்காது. பாதியை இறைத்துவிட்டு நல்ல தண்ணீர் விட வேண்டும். நல்ல தண்ணீருக்கு எங்கே போக? கடைக்காரர் பத்து கிலோ ப்ளீச்சிங் பவுடரைத் தலையில் கட்டப் பார்த்தார். அதுவே சுண்ணாம்பிலிருந்து செய்வது. இருக்கிற சுண்ணாம்பு போதாதா? குக்கர் அடியில், குடத்தில், கீசரில் வெள்ளையாகப் படிவதும் இதுதான். அம்மா மாசத்துக்கு ஒருமுறை புளி போட்டுத் தேய்ப்பாள். இடது கையில் இன்னும் பிடி வரவில்லையாம்.

அக்டோபர் 10
ஆசிட் 2 லிட்டர். பக்கெட் தண்ணீரில்தான் ஆசிடை ஊற்ற வேண்டும், மாற்றிச் செய்யக் கூடாது. முகத்தைத் திருப்பிக்கொண்டும் தொண்டை கரகரக்கிறது.

அக்டோபர் 14
இதுவரை 9 லிட்டர். காரம் 210. பிஎச் 7-க்குக் கீழே போய்விட்டது, அதாவது தண்ணீர் அமிலமாகிவிட்டது. ரிட்டர்ன் குழாயைத் தூக்கிக் கட்டி, தண்ணீரைச் சலசலவென்று விழவிட்டிருக்கிறோம். காரம் ஏறாமல் பிஎச் மட்டும் ஏறும். இந்தச் சத்தத்தில் தூக்கம் வருகிறது, ஆச்சரியம்.

அக்டோபர் 16
மழை இல்லை.

அக்டோபர் 17
மழை இல்லை. இருட்டிக்கொண்டு வந்து ஏமாற்றியது. துணிந்து கால்வாசித் தண்ணீரை இறைத்துவிட்டோம். பைத்தியக்காரத்தனம் என்று பக்கத்துத் தோட்டத்து அண்ணன் சொல்லியே விட்டார்.

அக்டோபர் 19
மழை! மாடிக் குழாயைத் தம்பி தொட்டிக்குத் திருப்பினான். முதல் கால் மணி நேரத் தண்ணீரை வெளியே விட்டோம், அவ்வளவு புழுதி, காக்கா எச்சம். ஆயிரம் சதுர அடி மாடிக்கு 5 சென்டிமீட்டர் பெய்தால் 4,600 லிட்டர். சொட்டச் சொட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 20
கடினத்தன்மை 54 சொட்டு.

அக்டோபர் 22
மறுபடி மழை. 47. போதும் சாமி. பிஎச்சை 7.2-லேயே பிடித்து வைத்தால் சுண்ணாம்பு அவ்வளவாகப் படியாது.

அம்மா இன்று நாலு எட்டு வைத்தாளாம், கம்பியைப் பிடித்துக்கொண்டு.

அக்டோபர் 23
ரூபாய் தெரிகிறது. பூ. படம் எடுத்து அனுப்பினேன். "ஜில்லுனு இருக்குமா கண்ணு?" என்று கேட்கிறாள்.

இத்தனை நாளில் சூடு எவ்வளவு என்று ஒருதடவை கூடப் பார்க்கவில்லை. தெர்மாமீட்டரை எங்கே வைத்தேன்?