ஹால் பத்துக்குப் பன்னிரண்டு, லென்ஸ் எண்பத்தைந்து

ஃபுல் ஃபிரேம் கேமரா வாங்கிய வீட்டில் முதல் மாதம் முழுக்க ஒரே பேச்சு: "ஒரே ஒரு பிரைம் லென்ஸ் போதும், அதோட நிறுத்திக்கலாம்." பிரைம் என்றால் ஜூம் ஆகாத லென்ஸ்; அதன் மி.மீ. எண் ஏற ஏற ஃபிரேமில் விழும் இடம் குறுகும். அந்த ஒன்று 35-ஆ, 50-ஆ, 85-ஆ என்பதில்தான் தகராறு. வீடியோ விமர்சனங்களைப் பார்த்துப் பார்த்து, பாதிப்பேர் 85 மி.மீ. எஃப் 1.8-இல் போய் விழுவார்கள். எஃப் எண் சிறுக்கச் சிறுக்க லென்ஸின் துவாரம் பெரிது, பின்னணி அப்படியே கரைந்து போகுமே! போகும்தான். கடை வாசலில் நின்று எதிர்ச்சாரி ஆட்டோக்காரரை நாலு படம் எடுத்துப் பார்க்கும்போது யாருக்கும் சந்தேகம் வராது. வில்லங்கம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பில்தான் ஆரம்பிக்கும்.

இரண்டு பெட்ரூம் ஃபிளாட். ஹால் பத்துக்குப் பன்னிரண்டு. சோபா, டிவி ஸ்டாண்டு, சீர்வரிசைத் தட்டு எல்லாம் போக, கேமராவுக்கும் மனையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கும் நடுவே ஒன்பது அடி தேறினால் அதிர்ஷ்டம். இங்கே கணக்கு ரொம்ப எளிது. ஃபுல் ஃபிரேம் என்றால், படம் பதியும் சில்லான சென்சாரின் அகலம் 36 மி.மீ. அதை லென்ஸின் மி.மீ.யால் வகுத்து, நிற்கும் தூரத்தால் பெருக்கினால் ஃபிரேமில் விழும் அகலம் வந்துவிடும். 35 லென்ஸுக்கு ஏறத்தாழ எவ்வளவு தூரமோ அவ்வளவு அகலம்: ஒன்பது அடிக்கு ஒன்பது அடி. 50-க்கு ஆறரை அடி. 85-க்கு நாலு அடிகூட இல்லை. தோளோடு தோள் ஒட்டி நின்றால் ஆளுக்கு ஒன்றரை அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 35-இல் ஆறு பேர், 50-இல் நாலு பேர், 85-இல் இரண்டே பேர். அந்த இரண்டில் மாமியார் இல்லையென்றால் அதற்கப்புறம் நடப்பதற்கு லென்ஸ் கம்பெனி பொறுப்பல்ல.

85-காரர் என்ன செய்வார்? பின்னால் போவார். முதலில் சுவர். அப்புறம் சமையலறை வாசல், அங்கே குக்கர். கடைசியில் பால்கனிக் கதவைத் திறந்து, காயப்போட்ட வேட்டிக்கும் துண்டுக்கும் நடுவே தலையை நீட்டி எடுப்பார். நிற்கிற ஆளைத் தலை முதல் கால் வரை, கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, மேலேயும் கீழேயும் கொஞ்சம் இடம் விட்டு எடுக்க 35-க்கு ஆறரை அடி போதும். 50-க்கு ஒன்பது அடி. 85-க்குப் பதினைந்தரை அடி. ஹாலின் நீளமே பன்னிரண்டு. ஆகவே லென்ஸைத் தேர்வு செய்வது நீங்கள் அல்ல, உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவர்தான்.

கல்யாண மண்டபத்தில் இடம் தாராளம் என்று நினைப்பவர்களுக்கு: மேடையில் பன்னிரண்டு பேர் ஒரே வரிசையில் நின்றால் பதினெட்டு அடி. 35 வைத்திருப்பவர் பதினெட்டு அடியில் நின்று முடித்துவிட்டு முதல் பந்திக்குப் போய்விடலாம். 85-க்கு நாற்பத்திரண்டு அடிக்கு மேல் தள்ளிப் போகவேண்டும். நடுவில் வீடியோக்காரர், அவர் விளக்கைப் பிடித்திருக்கும் பையன், ஐஸ்கிரீமோடு குறுக்கே ஓடும் குழந்தைகள். மேடையிலிருந்து பெரியப்பா, "போட்டோ எடுக்கிற தம்பி எங்கப்பா போச்சு?" என்று தேடுவார். மயிலாப்பூர் அறுபத்து மூவர் கூட்டத்திலும் இதே கதைதான். உங்களுக்கும் பல்லக்குக்கும் நடுவே நாற்பது அடி இடைவெளி இருந்தால் அதில் நாற்பது தலைகளும் இருக்கும்.

சரி, 35 குற்றமற்றதா? இல்லை. அத்தையை மார்பளவு எடுக்கலாமே என்று கிட்டே போனால், ஃபிரேம் நிறைய ஏறத்தாழ இரண்டு அடிக்கு நெருங்கவேண்டியிருக்கும். அந்தத் தூரத்தில் மூக்கு முன்னால் வரும், காது பின்னால் போகும். அத்தை படத்தைப் பார்த்துவிட்டு அடுத்த தீபாவளி வரை பேசமாட்டார். இது லென்ஸின் கோளாறு இல்லை, நின்ற தூரத்தின் கோளாறு. ஐந்து அடியிலேயே நின்று எடுத்துவிட்டுப் பிறகு கத்தரித்துக்கொள்ளுங்கள். 24 மெகாபிக்சல் படத்தை 50-இன் பார்வைக்கு வெட்டினால் 12 மெகாபிக்சல் மிஞ்சும். 12-க்கு 8 அங்குல பிரிண்ட் தாராளமாகப் போடலாம். 85-இன் பார்வை வரை வெட்டினால் மிஞ்சுவது நாலுதான், வாட்ஸ்அப்புக்கு அதுவே அதிகம். 35-இல் எடுத்து 85 ஆக்கிக்கொள்ள இப்படி ஒரு வழி உண்டு. 85-இல் எடுத்ததை 35 ஆக்க ஒரு வழியும் கிடையாது.

50-காரர்கள் தனி ஜாதி. வாயைத் திறந்தால் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்ட்டியே-பிரெஸ்ஸோன் என்பார்கள். உண்மைதான், அவர் பெரும்பாலும் 50-இலேயே எடுத்தார். 1950 ஏப்ரலில் திருவண்ணாமலைக்கு வந்து ரமணரின் கடைசி நாட்களைப் படம் பிடித்தவரும் அவரே. ஆனால் வளைகாப்பு குரூப் போட்டோ எடுக்க அவரை யாரும் கூப்பிடவில்லை. "50 போர்ட்ரெய்ட்டுக்குப் பிரமாதம்" என்று சொல்லும் நண்பரையும் எந்தக் கேமரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஏபிஎஸ்-சி எனும் சின்ன சென்சார் என்றால் அவர் பார்த்தது 75 அல்லது 80-இன் கோணம். அதே லென்ஸ் ஃபுல் ஃபிரேமில் வேறு ஆள்.

மற்றபடி 50-இல் வெளியிடமும் மொட்டைமாடியும் சுகம், பையும் கனக்காது. கேனான் ஆர்எஃப் 50 எஃப் 1.8 வெறும் 160 கிராம். அதன் எஃப் 1.2 அண்ணன் 950 கிராம். ஒரு லிட்டர் பால் பாக்கெட்டைக் கழுத்தில் தொங்கவிட்டு முகூர்த்தம் முடியும்வரை நிற்கத் தெம்பிருந்தால் வாங்குங்கள். முடிவெடுக்கத் திணறுகிறவர்களுக்கு நிக்கான் இசட் 40 எஃப் 2 போன்ற 40-கள் நல்ல சமாதானம்.

எஃப் எண்ணை வைத்து ஏமாறுகிறவர்களும் ஏராளம். 1.8 இருக்கிறதே என்று எல்லாவற்றையும் 1.8-இலேயே எடுத்தால், 50-இல் மூன்றடிக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கும் குழந்தைக்குத் தெளிவாக விழும் ஆழம் நாலு செ.மீ.தான். ஒரு கண் தெளிவு, மறு கண் கனவு. இரண்டு வரிசை குரூப்புக்கு எஃப் 4 வையுங்கள். 35-இல் பத்தடி தூரத்தில் ஐந்தடிக்கும் மேல் ஆழம் கிடைக்கும். எல்இடி விளக்கில் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழுந்தால் லென்ஸைத் திட்டவேண்டாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு நூறு முறை மினுக்கும். சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரை அணைத்து, ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் வையுங்கள்.

கிட்டத்தில் எவ்வளவு வரை ஃபோகஸ் ஆகும் என்பதை யாரும் பார்ப்பதேயில்லை, பந்தியில் உட்காரும் வரை. இரண்டடி வாழையிலையை முழுசாக எடுக்க 35-க்கு இரண்டடி போதும், உட்கார்ந்தபடியே எடுக்கலாம். 85-க்கு நாலேமுக்கால் அடி; நாற்காலி மேல் ஏறவேண்டும், பரிமாறுகிறவர் சாம்பார் வாளியோடு மிரண்டு நிற்பார். கேனான் ஆர்எஃப் 35 எஃப் 1.8 மேக்ரோ 17 செ.மீ. வரை நெருங்கும், வளையல் பூ வேலைப்பாடெல்லாம் எண்ணிவிடலாம். சோனி எஃப்இ 85 எஃப் 1.8-க்கோ 80 செ.மீ. வேண்டும்.

பணம் கட்டுவதற்கு முன் கையில் இருக்கும் ஜூமை 35-இல் வைத்து வளையத்தில் பெயின்டர் டேப் ஒட்டி ஒரு வாரம் சுற்றுங்கள்; அடுத்த வாரம் 50. பிரவுன் டேப் வேண்டாம், பிசின் போகாது. முதல் இரண்டு நாள் 35-ஏ நெருக்கமாகத் தெரியும். செல்போனின் பிரதான கேமரா 24, 26 அளவில் பார்ப்பதால் கண் அதற்குப் பழகியிருக்கிறது. பிறகு எந்த வாரத்தில் அதிகம் முதுகு சுவரில் இடித்தது, எந்த வாரத்தில் அதிகம் கத்தரித்தீர்கள் என்று பார்த்தால் விடை வந்துவிடும். பெரும்பாலான வீடுகளில் அது 35-ஆகத்தான் இருக்கும். 85-ஐ இரண்டாவது லென்ஸாக வாங்குங்கள், தாராளமாக.

பழைய லென்ஸ் வாங்குவதென்றால் செல்போன் டார்ச்சைப் பின்பக்கமிருந்து சாய்வாக அடித்து முன்பக்கம் பாருங்கள். நூலாம்படை மாதிரி தெரிந்தால் பூஞ்சை. சென்னை ஈரத்தில் அலமாரியில் துணியோடு வைத்த லென்ஸுக்கு அது சகஜம். "லேசான தூசிதான் சார், படத்துல தெரியாது" என்று விற்பவர் சொன்னால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நல்லதாகக் கிடைத்தால் வீட்டுக்கு வந்ததும் காற்றுப்புகாத டப்பா, சிலிக்கா ஜெல், முந்நூறு ரூபாய்க்குள் ஒரு ஈரமானி. ஈரம் 40-க்கும் 50 சதவீதத்துக்கும் நடுவே நின்றால் போதும். டப்பாவின் மேல் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். இல்லையென்றால் ஒரு வாரத்தில் அதற்குள் முறுக்கு இருக்கும்.