குடிக்காதவரின் ஈரல்

மார்கழி மழை. விடியப்புறம் மூன்று மணிக்கு அப்பா வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டு ஓடினால், பேசின் முழுக்க இரத்தம். திருகோணமலை உப்புவெளியில் அந்த நேரத்துக்கு ஓட்டோ கிடைத்ததே பெரிய விஷயம்.

ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றிக்கொண்டே கேட்டார்கள்: "ஆள் குடிக்கிறவரோ?" பிறகு வாட்டில் கேட்டார்கள், கிளினிக்கில் கேட்டார்கள். பார்க்க வந்த சொந்தக்காரரும் சுற்றி வளைத்து அங்கேதான் வந்து நின்றார்கள். கோணேசர் கோயில் தீர்த்தத்தைத் தவிர வேறொன்றும் குடிக்காத மனுஷன். ஒவ்வொரு முறையும் "இல்லை" என்றுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

காரணம் இருபது வருடச் சீனி வருத்தம். ஈரலில் கொழுப்புப் படிந்து, தழும்பேறி, இறுகிவிட்டது. பெரிய வீதியை மறித்தால் வாகனமெல்லாம் ஒழுங்கைக்குள் புகுவது போல, குடலில் இருந்து ஈரலுக்குப் போகவேண்டிய இரத்தம் உணவுக்குழாயின் சின்ன நாளங்களுக்குள் புகுந்து அவற்றை வீங்க வைக்குமாம். அதில் ஒன்றுதான் வெடித்திருக்கிறது.

அன்றே அம்புலன்சில் வேறு ஊருக்கு அனுப்பி முதல் பாண்டிங் செய்தார்கள். தொண்டை மரக்க ஸ்பிரே அடித்து, இடப்பக்கம் சரித்துப் படுக்கவைத்து, கமராக் குழாயை இறக்கி, வீங்கிய நாளத்தை உறிஞ்சிப் பிடித்து அடியில் றப்பர் வளையம் போடுவார்கள். அவ்வளவுதான். கஷ்டம் அதற்கு முன்னும் பின்னும்.

நாளங்கள் அடங்கும்வரை சில கிழமைக்கு ஒருமுறை போகவேண்டும். இரண்டாம் தடவை, வெறும் வயிற்றில் வரச் சொன்னதால் சாப்பாட்டை நிறுத்தினோம், வழக்கமான இன்சுலினை நிறுத்தவில்லை. ஹபரணை தாண்டும்போது அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. சீனி இறங்கிவிட்டது. குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்துச் சமாளித்தோம். போய்ச் சேர்ந்தால் மெஷின் பழுதாம். முதல்நாளே ஒரு போன் எடுத்திருக்கலாம்! வெறும் வயிற்றில் போகும் நாளில் இன்சுலின் எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், கேட்காமல் விட்டது எங்கள் பிழை.

வளையம் சில நாளில் தானாகக் கழன்று விழும், அந்த இடம் புண்ணாகும். அதுவரை கஞ்சி, சொதியில் ஊறிய இடியப்பம். முறுக்குக் கூடாது. வயிற்றில் நீர் கோர்த்ததால் உப்பையும் குறைக்கச் சொன்னார்கள். திருகோணமலைக்காரனிடம் கருவாட்டை விடச் சொல்வது லேசான காரியமா? அந்த நாளங்களில் அழுத்தத்தைக் குறைக்கும் கார்வெடிலோல் குளிசை தொடர்கிறது, ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கானும் உண்டு.

மூன்றாம் தடவை ஒரு டொக்டர் வந்து, ஆராய்ச்சிக்கு இரத்தமும் விவரங்களும் தர விருப்பமா என்று கேட்டார். அம்மா பயந்துவிட்டார். 2007இல் ராகமப் பக்கம் தொடங்கிய ஆய்வில், 35 முதல் 64 வயதுக்காரரில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு மதுவால் வராத கொழுப்பு ஈரல் இருந்தது என்று அந்த டொக்டர் சொன்னதும் அப்பா எழுந்து உட்கார்ந்தார்.

"இடையில விலகலாமோ?"

"எப்பவும் விலகலாம் ஐயா. வைத்தியத்தில ஒரு மாற்றமும் வராது."

தமிழ்ப் படிவத்தைக் கண்ணாடி போட்டுக் கடைசிப் பக்கம்வரை வாசித்துக் கையெழுத்து வைத்தார். பிறகு கேள்வித்தாள். மது அருந்துவீர்களா என்ற இடத்தில் 'ஒருபோதும் இல்லை' என்ற கட்டத்துக்குள் அவர் போட்ட சரி அடையாளம், தாளின் மறுபக்கத்திலும் தெரிந்தது.