பின்பக்க அறையில் ஓர் ஆய்வுக்கூடம்

கணினிப் பாதுகாப்பில் முனைவர் பட்டம் முடித்தேன் என்று தெரிந்ததும் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் தம்பிமார் கேட்கும் முதல் கேள்வி, "ஹேக்கிங் ரொம்பக் கஷ்டமா சார்?" தாக்கும் மென்பொருள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதைச் சட்டப்படி ஓட்டிப் பார்க்க ஓர் இடம் கிடைப்பதுதான் கஷ்டம். பெரியவர்கள் கேட்பது வேறு: "தம்பி, பேங்க்ல இருந்து மெசேஜ் வந்திருக்கு, பாருங்களேன்." பணம் போய்விட்டது என்றால் உடனே மோசடிப் புகார் எண்ணான 997-க்கு அடிக்கச் சொல்வேன். அதற்கு மேல் என் பட்டம் உதவாது.

ஈப்போவில் ஒரு தனியார் கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் படித்தேன். எடுத்த தலைப்பு ஐபிவி6, அதாவது இணையத்தில் கணினிகளுக்கு முகவரி கொடுக்கும் புதிய முறை. அதில் ஒரு கணினி தனக்கான முகவரியைத் தானே உருவாக்கிக்கொண்டு, "இது வேறு யாரிடமாவது இருக்கிறதா?" என்று பக்கத்துக் கணினிகளைக் கேட்கும். பதில் வராவிட்டால் எடுத்துக்கொள்ளும். யாராவது விஷமி ஒவ்வொரு முறையும் "என்னுடையது" என்று பதில் அனுப்பிக்கொண்டே இருந்தால், அந்தக் கணினியால் உள்ளே வரவே முடியாது. இதைத் தடுக்க 'செண்ட்' என்ற நெறிமுறை 2005-லேயே வந்தது. கணக்கீட்டுச் சுமை அதிகம் என்பதால் புழக்கத்துக்கு வரவில்லை. இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு தாக்குதல், போலி ரௌட்டர் அறிவிப்பு: 'வெளியே போகும் வழி நான்தான்' என்று ஒரு விஷமி பொய் சொல்வது. அதை, கணினிகளை இணைக்கும் கருவியான சுவிட்சிலேயே மறிக்கும் 'ஆர்ஏ கார்டு' என்ற காவல் முறை 2011-ல் வந்தது. தரவுப் பொட்டலத்தைத் துண்டாக்கி அனுப்பினால் அதையும் ஏமாற்றலாம் என்பதை 2014-ன் ஆர்எஃப்சி 7113 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் விளக்குகிறது. அந்த ஓட்டைதான் என் ஆய்வுக்குப் பொருளாகி எனக்குச் சோறு போட்டது.

அடுத்தது தரவு. வலையமைப்பில் தாக்குதலைக் கண்டுபிடிக்கும் ஆய்வில் இறங்குபவர்கள் கேடிடி கப் 99 என்ற தரவுத் தொகுப்பைத்தான் முதலில் தொடுவார்கள். 1998-ல் செயற்கையாக உருவாக்கிய வலையமைப்புப் போக்குவரத்தின் பதிவு அது. பயிற்சிப் பகுதியில் ஏறத்தாழ 78 விழுக்காடு பதிவுகள் திரும்பத் திரும்ப வருபவை என்று 2009-லேயே காட்டிவிட்டார்கள். அதில் 99 விழுக்காடு துல்லியம் கிடைத்தது என்று எழுதுவதில் பெருமைப்பட எதுவுமில்லை. ஐபிவி6-க்கு அது உதவவும் உதவாது. நானே தாக்கி, நானே பதிவு செய்ய வேண்டும்.

எங்கே தாக்குவது? மலேசியாவின் 1997-ன் கணினிக் குற்றச் சட்டப்படி அனுமதியில்லாமல் அடுத்தவர் கணினிக்குள் நுழைந்தாலே 50,000 வெள்ளி வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். கல்லூரி வலையமைப்பைத் தொட அனுமதி கேட்டுக் கடிதம் கொடுத்தேன், பதிலே வரவில்லை. சரி என்று ஈப்போவில் பழைய சுவிட்சுகள் வாங்கி, வீட்டின் பின்பக்க அறையில் வெளி இணையத்தோடு தொடர்பே இல்லாமல் ஒரு வலையமைப்பு கட்டினேன். அம்மா பால்மரம் வெட்டிய காலத்துச் சாமான்களை எல்லாம் நகர்த்தித்தான் இடம் கிடைத்தது. சாயங்கால இடியைப் பற்றி பேராக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். வானம் கறுத்தால் ஓடிப்போய் எல்லாப் பிளக்கையும் பிடுங்குவேன். பாதியில் நின்ற சோதனையை முதலிலிருந்து ஓட்டுவேன். இப்படியே மாதங்கள் போயின.

அப்புறம் கட்டுரை. எங்கள் துறையில் முதல்தர ஆய்வுகள் மாநாடுகளில்தான் வருகின்றன: ஐஇஇஇ எஸ் அண்ட் பி, யூசெனிக்ஸ் செக்யூரிட்டி, ஏசிஎம் சிசிஎஸ், என்டிஎஸ்எஸ். பல்கலைக்கழகம் கேட்டதோ ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்ப் பட்டியலில் உள்ள இதழ்க் கட்டுரை. படித்தது ஓரிடம், அனுப்பியது வேறிடம். யூசெனிக்ஸ் கட்டுரைகள் எல்லாருக்கும் இலவசம் என்பதால் நூலகம் இல்லாத ஊரிலும் தப்பித்தேன். பணம் கட்டினால் இரண்டே வாரத்தில் வெளியிடுகிறோம் என்று வரும் மின்னஞ்சல்களைத் திறக்காமலே அழித்துவிடுங்கள். ஒரு மதிப்பீட்டாளர், "ஏன் கேடிடி தரவில் சோதிக்கவில்லை?" என்று கேட்டிருந்தார். அதில் ஐபிவி6 இல்லை, ஐயா என்று பணிவாக எழுதி அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர் முக்கால்வாசி நேரம் கேட்டது ஒன்றைத்தான்: என் தடுப்பு முறையால் உண்மையான கணினி தவறுதலாக எத்தனை முறை தடுக்கப்பட்டது? அந்த அட்டவணை என்னிடம் இருந்தது. சிறு திருத்தங்களோடு தேறினேன். பல்கலைக்கழக ஆட்சிக் குழுவான செனட்டின் ஒப்புதல் வரும்வரை பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போடக் கூடாது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அதற்குள் அக்கா மகள் கல்யாணப் பத்திரிகையில் அம்மா அச்சடித்துவிட்டார்.